நோவறிந்த கைகள்: யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பின் கதை

எமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர்களுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். தந்தையின் ஊர் சண்டிலிப்பாய், உரும்பிராய், சுன்னாகம், வட்டுக்கோட்டை என்று பலவாறாக இருக்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் பலருக்கு இணுவில் என்றோ மானிப்பாய் என்றோ எழுதியிருக்கும். இணுவிலில் ஒருநாள்கூட வாழ்ந்திராத ஆயிரக்கணக்கான யாழ்ப்பாணத்தவர் இணுவிலில் பிறந்தவர்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி விளக்கியவர்கள் எம்மிற் பலர் இருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் அங்கே இருந்த ஒரு பெண்கள் வைத்தியசாலை. வீட்டு அறையிற் பிள்ளை பெற்ற சமூகம், எப்படி ஒரு தலைமுறைக் காலத்துக்குள் தன் மகளை வண்டிலில் ஏற்றி இணுவிலுக்குக் கொண்டுபோகத் துணிந்தது? அந்தத் துணிவைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார்? நூற்றாண்டு மலர் ஒன்றிலே பாடசாலையின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி எழுதுவது வழக்கம். பாடசாலையிலிருந்து வெளியே போய், இரவு பகலாகப் பிறர் வீட்டுப் பிள்ளைகளை ஏந்தி எடுத்த பெண்களைப் பற்றியும் இம்மலரில் ஒரு கட்டுரை இருப்பது பொருத்தம்.

வீட்டு அறையும் மருத்துவிச்சியும்

பழைய காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு நோக் கண்டதும் மருத்துவிச்சிக்கு ஆள் போகும். அவள் பெரும்பாலும் சமூகத்திலே தாழ்த்தப்பட்ட குடியொன்றைச் சேர்ந்தவள். மற்ற நாட்களில் அந்த வீட்டின் உள்ளே வர அனுமதி இல்லாதவள். நோக் கண்ட இரவில் மட்டும் வீட்டின் மிக உட்புறமான அறைக்குள் அவளே அதிகாரி. நல்லெண்ணெய் தடவி இடுப்பை உருவிவிடுவாள். வலி வரும்போது பிடித்துக்கொள்ளத் தன் தோளைக் கொடுப்பாள். விடியும்வரை, சில வேளைகளில் இரண்டு விடியல்களுக்கும், பக்கத்திலேயே இருப்பாள். பிள்ளை பிறந்ததும் கொடி அறுத்து, தாயைக் குளிப்பாட்டி, கொத்தி என்ற பேய் அண்டாதபடி செய்யவேண்டிய சடங்குகளையும் செய்வாள். அதன் பிறகு சரக்கரைத்த பத்தியக் கறி, இலைகள் அவித்த வெந்நீர்க் குளிப்பு, முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு என்று மற்ற ஒழுங்குகள் தொடரும்.

இந்த முறையில் நல்லவை இருந்தன. பெண் தனித்து விடப்படவில்லை. தாய், பெரியம்மா, அம்மம்மா என்று அறிந்த முகங்கள் சூழ இருந்தன. பெற்ற பின் ஒரு மாதம் ஓய்வு கிடைத்தது. ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, பெருகிய இரத்தம் நிற்காவிட்டாலோ, மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டாலோ அந்த அறையில் உள்ள எவருக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மருத்துவிச்சியின் அன்பிலே குறைவிருக்கவில்லை. அந்த அன்பு கையாளக்கூடிய அறிவு அக்காலத்தில் அவளுக்கு எட்டவில்லை. பிள்ளைப்பேற்றை “செத்துப் பிழைத்தல்” என்றும் “மறுபிறப்பு” என்றும் எம்மவர் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சாக இருக்கவில்லை.

1847

உலகத்தின் வேறு இடங்களிலும் நிலைமை மேலாக இருந்ததென்று நினைக்கவேண்டாம். வியன்னா நகரத்தின் பெரிய மகப்பேற்று வைத்தியசாலையில், மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவிலே தாய்மார் காய்ச்சலால் இறந்த அளவு, மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. பிணங்களை அறுத்துப் படித்த கைகளைக் கழுவாமல் மாணவர்கள் நேராகப் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று 1847இல் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரிற் கைகழுவச் செய்தார். இறப்புகள் விரைவாகக் குறைந்தன. ஆனாலும் சக வைத்தியர் பலர் அவரை நம்ப மறுத்தார்கள். கனவான் ஒருவருடைய கை அழுக்காக இருக்க முடியுமா என்பதே அவர்களுடைய மனக்குறை. அதே 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்பவர் பிள்ளைநோவைத் தணிக்கக் குளோரபோம் கொடுத்தார். பெண் நோவோடுதான் பெறவேண்டும் என்று அதற்கும் எதிர்ப்பு எழுந்தது.

அந்த ஆண்டிலேதான் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே, 1820இல், டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தார். கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். 1848இல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர், 1864 அளவிலே, அந்தக் கல்வியை முழுவதும் தமிழுக்கு மாற்றினார். தம் காலத்திலே அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார்.

கிறீன் வைத்தியரின் தமிழ்ப்பணி பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். பெண்களாகிய நாம் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று அதிலே உண்டு. அவருடைய முயற்சியால் தமிழுக்கு வந்த பெரிய மருத்துவ நூல்களின் வரிசையிலே மிக முந்தியவற்றுள் ஒன்று பிள்ளைப்பேறு பற்றியது. டப்ளின் நகரத்து வைத்தியர் மோன்செல் எழுதிய நூலின் தமிழ் வடிவமான “பிரசவ வைத்தியம்” 1857இல் வெளிவந்தது. இரண வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ அங்காதிபாதம் எல்லாம் அதற்குப் பின்னரே வந்தன. கருப்பை, நச்சுக்கொடி, பிள்ளை இறங்கும் விதம் என்பவற்றைப் பற்றித் தமிழிலே படித்து விளங்கக்கூடிய ஒரு பாடநூல், கொழும்பிலே மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் இருந்தது.

ஆனால் அதைப் படித்தவர்கள் ஆண்கள். இங்கேதான் கதை இடறுகிறது. நோக் கண்ட பெண்ணின் அறைக்குள் ஆண் வைத்தியர் வருவதை யாழ்ப்பாணத்துக் குடும்பம் விரும்பவில்லை. கூப்பிட்டாலும் எல்லாம் கைவிட்டுப்போன கடைசி வேளையிலே கூப்பிட்டார்கள். புத்தகத்திலே இருந்த அறிவு தமிழுக்கு வந்துவிட்டது. அறைக்குள்ளே போவதற்கு அதற்கு இன்னும் ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது.

ஸ்கடர் குடும்பத்தின் மற்றொரு கிளைக்கதை இதை விளக்க உதவும். பண்டத்தரிப்பிலே பணிசெய்த ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர். 1890களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் திண்டிவனத்திலே அவர் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டாட்கள், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். தந்தையார் வைத்தியர், அவரை அனுப்புகிறேன் என்று ஐடா சொன்னார். ஆண் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். வைத்தியம் படிக்கும் எண்ணமே இல்லாதிருந்த ஐடா, அதன் பின் அமெரிக்கா சென்று படித்துத் திரும்பி வேலூரிலே பெண்களுக்கான வைத்தியசாலையை உருவாக்கினார். 1909இல் தாதியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவக் கல்வியையும் அங்கே தொடங்கினார். இந்த நிகழ்ச்சி திண்டிவனத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டியதில்லை. அந்நாளில் யாழ்ப்பாணத்து ஊர்களிலும் இதே மறுப்பும் இதே முடிவும் இருந்தன.

இணுவில்

அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்திலிருந்து 1880ஐ ஒட்டி யாழ்ப்பாணம் வந்த சகோதரிகள் இருவர் மேரி லீச், மார்கரெட் லீச். வைத்தியர்கள் அல்லர், ஆசிரியப் பணியும் ஊழியமும் செய்தவர்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சந்தித்தபோது, பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்கும் இடமொன்று வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வலுத்தது. ஏழு ஆண்டு அனுபவத்தை ஒரு நூலாக எழுதி 1890இல் வெளியிட்டார்கள். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாகப் பேசிப் பணம் சேர்த்தார்கள். அந்த முயற்சியின் பலனாக 1898இல் இணுவிலில் எழுந்தது மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை.

அதற்குச் சற்று முன்னர், 1893இல், டொக்டர் ஸ்கொட் தம்பதியர் மானிப்பாய்க்கு வந்திருந்தனர். கணவன், மனைவி இருவரும் வைத்தியர்கள். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர்கள் காலத்தில் மறுமலர்ச்சி கண்டது. மானிப்பாயில் மேரி ஸ்கொட் அம்மையாரும் இணுவிலில் டொக்டர் இசபெல்லா கர் அம்மையாரும் இருக்க, யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு முதன்முறையாக நம்பிப் போகக்கூடிய இரண்டு வாசல்கள் திறந்தன. கர் அம்மையார் பல தசாப்தங்கள் இணுவிலிலேயே இருந்தார். தாயின் பிரசவத்தைப் பார்த்தவரே பின்னர் மகளின் பிரசவத்தையும் பார்த்தார் என்றால், அந்த வாசலில் மக்கள் வைத்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இணுவிற் பணிக்கென்று 1896இல் அனுப்பப்பட்ட இன்னொரு பெண் வைத்தியரையும் இங்கே நினைவுகூரவேண்டும். கனடாவைச் சேர்ந்த மேரி இர்வின், யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கனக இரத்தினத்தை மணந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உள்ளூர்த் தமிழரை மணப்பதை மிசன் ஏற்கவில்லை. அவருடைய மிசன் பணி முடிந்துபோயிற்று. யாழ்ப்பாணம் இழந்ததைக் கொழும்பு பெற்றுக்கொண்டது. டொக்டர் மேரி இரத்தினம் என்ற பெயரில் அவர் கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தார். 1930இல் இலங்கை மகளிர் சமித்தியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சாசே விருது பெற்றார். இரக்கத்தோடு சேவை செய்ய வந்த ஒரு நிறுவனத்துக்குள்ளும் நிறப் பாகுபாடு எப்படிக் குடியிருந்தது என்பதை அவருடைய வாழ்வு காட்டுகிறது. எமது சமூகத்தின் சாதிப் பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

தாதி செய்த வேலை

வைத்தியரின் பெயர் கல்வெட்டிலே இருக்கும். பிரசவ அறையிலே முழு இரவும் இருந்தவள் தாதி. அக்காலத்து மகப்பேற்றுத் தாதியின் வேலை என்னவென்று எண்ணிப் பார்த்தால் இரக்கம் என்ற சொல்லின் பொருள் தெளிவாகும்.

கருவிகளையும் துணிகளையும் அவித்து எடுப்பாள். முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். தாயின் நாடியை எண்ணுவாள். வயிற்றிலே செவிகுழலை வைத்து உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பை எண்ணுவாள். நோவின் இடைவெளியைக் கணக்கிடுவாள். முக்கவேண்டிய நேரத்தையும் முக்கக்கூடாத நேரத்தையும் சொல்வாள். பிள்ளை பிறந்து நச்சுக்கொடி விழுந்த பிறகு, வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பை கல்லுப்போல இறுகுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அது இளகினால் இரத்தம் பெருகும். சில நிமிடங்களில் உயிர் போகும். உறவினர் எல்லோரும் பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் தாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அவள்தான்.

அன்பான வார்த்தை பேசுவது இதன் ஒரு பகுதி. கை கழுவுவதும் ஒரு பகுதி. நித்திரை வரும் மூன்று மணிக்கு மறுபடி எழுந்து நாடி எண்ணுவதும் ஒரு பகுதி. பழைய மருத்துவிச்சியிடம் துணையிருக்கும் பொறுமை இருந்தது. வியன்னாவின் மருத்துவ மாணவரிடம் படிப்பு இருந்தது. இவை இரண்டும் ஒருத்தியிடமே சேர்ந்தபோதுதான் தாய்மார் பிழைக்கத் தொடங்கினார்கள்.

இந்தத் தாதியர் எங்கிருந்து வந்தார்கள்? பெண்கள் பாடசாலைகளிலிருந்து வந்தார்கள். 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய விடுதிப் பாடசாலை முதல், வேம்படி, சுண்டுக்குழி, இராமநாதன் என்று பின்னர் எழுந்த கல்லூரிகள்வரை, எழுதவும் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்த பெண்களைக் குடாநாட்டுக்குக் கொடுத்தன. மருந்தின் அளவை வாசிக்க, காய்ச்சல் வரைபடம் எழுத, நாடியை மணிக்கூட்டோடு ஒப்பிட இந்த எழுத்தறிவு தேவைப்பட்டது. மானிப்பாயிலும் இணுவிலிலும் தாதியர் பயிற்சி நடைபெறக்கூடியதாக இருந்ததற்கு அருகிலிருந்த பெண்கள் பாடசாலைகளே அடித்தளம்.

ஆனாலும் அந்தப் பெண்கள் இலகுவாக வரவில்லை. ஆசிரியையாவது கௌரவம், தாதியாவது அப்படி இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. இரத்தம், துடக்கு, பிறர் உடம்பைத் தொடுதல், இரவுக் கடமை, ஆண் வைத்தியரோடு ஒரே இடத்தில் வேலை என்பனவெல்லாம் தடைகள். பிரசவம் பார்ப்பது குடிமைத் தொழில் என்று ஒதுக்கிவைத்திருந்த சமூகத்திலே, படித்த பெண் அதே வேலைக்குப் போவதென்றால் குடும்பம் தயங்கியது. கலியாணம் பேசும்போதும் அது பேச்சாயிற்று. வெள்ளைச் சீருடை அணிந்து “மிஸி” என்று அழைக்கப்பட்ட அந்த முதல் தலைமுறைப் பெண்கள், நோயோடு மட்டுமன்றி ஊர்வாயோடும் போராடினார்கள். இளம் விதவைகள், வறிய குடும்பத்துப் பிள்ளைகள், திருமணத்தைத் தள்ளிவைத்தவர்கள் பலருக்கு இந்தத் தொழில் சொந்தக் காலில் நிற்கும் வழியையும் கொடுத்தது.

வாட்டிலே ஒரு புதிய ஒழுங்கும் உருவாகியது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களிலே வெவ்வேறு சாதிப் பெண்கள் படுத்தார்கள். யார் யாரைத் தொடுவது, யார் கையால் தண்ணீர் வாங்குவது என்ற கேள்விகள் எழுந்தன. அவை ஒரு நாளிலே தீரவில்லை. ஆனால் நோவின் உச்சத்திலே தன்னைப் பிடித்திருக்கும் கை எந்தக் குடியின் கை என்று எந்தப் பெண்ணும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தின் சாதி இறுக்கம் இளகிய இடங்களுள் பிரசவ வாட்டையும் ஒன்றாகக் கணக்கெடுக்கவேண்டும்.

அரசும் ஊரும்

நாட்டின் மற்றப் பகுதிகளிலும் மாற்றம் வந்துகொண்டிருந்தது. 1879இல் கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று விடுதி திறக்கப்பட்டது. 1892இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 1899இல் அலிஸ் டி போயர் இலங்கையின் முதற் பெண் வைத்தியராக வெளிவந்தார். யாழ்ப்பாண நகரிலே 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் நண்பர் சங்க வைத்தியசாலையாகத் தொடங்கியதை 1907இல் அரசு பொறுப்பேற்றது. அதுவே இன்றைய போதனா வைத்தியசாலை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, தாயை வைத்தியசாலைக்கு வரச்சொல்வதோடு நின்றுவிடாமல் மருத்துவமாதைத் தாயின் வீட்டுக்கு அனுப்பியது. 1936இல் மூளாயிலே ஊர்மக்களே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள்; இலங்கையின் முதற் கூட்டுறவு வைத்தியசாலை அது.

1930களில் இலங்கையிலே ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது, ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். 1950களின் முடிவிலே அந்தத் தொகை 500க்கும் கீழே இறங்கியது. இன்று அது 30ஐ அண்மித்து நிற்கிறது. பெரும் பணக்கார நாடாக இல்லாமலே இலங்கை இதைச் செய்துமுடித்ததை உலக வங்கி முதலானவை பாடமாக எடுத்துக் காட்டுகின்றன.

இதற்குப் பல காரணங்கள். 1930களின் நடுப்பகுதியிலே பிரசவக் காய்ச்சலுக்கு சல்பா மருந்துகளும், இரத்தப்போக்குக்கு எர்கோமெற்றினும் வந்தன. பின்னர் பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் வசதியும் வந்தன. மலேரியா ஒழிப்பு கர்ப்பிணிகளைக் காத்தது. 1931இன் சர்வசன வாக்குரிமையால் தாய்மாரின் குரலுக்கு அரசியல்வாதி செவிகொடுக்க நேர்ந்தது. 1945க்குப் பின் இலவசக் கல்வி பெண்பிள்ளைகளின் எழுத்தறிவை உயர்த்தியது. ஆனால் இவையெல்லாம் தாயைச் சென்றடைந்த வழி, சைக்கிளிலும் நடந்தும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த குடும்பநல மருத்துவமாதுதான். எந்த வீட்டில் யார் எத்தனை மாதம், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யார் முந்திய பிரசவத்தில் இரத்தம் இழந்தவள் என்பதெல்லாம் அவளுடைய பதிவேட்டிலே இருக்கும்.

யுத்த காலம்

இந்த அமைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைப் பின்னர் வந்த யுத்தம் சோதித்தது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளிலே, இந்தியப் படையினர் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டார்கள். அன்றும் மறுநாளும் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் கொல்லப்பட்டனர். குழந்தை மருத்துவ நிபுணர் டொக்டர் சிவபாதசுந்தரம் தாதியரையும் அழைத்துக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி நடந்து வந்தபோது சுடப்பட்டார். குடாநாட்டின் பல நூறு பிள்ளைகளைக் காப்பாற்றியவர் அவர். அந்தப் பெயரை இந்த வரலாற்றிலே எழுதாமல் விடமுடியாது.

1990இன் பின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மருந்தும் தடைப்பட்டன. போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கின் வெளிச்சத்திலே பிள்ளைகள் பிறந்தார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு போதனா வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் அமைத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் பருத்தித்துறையிலே பணிசெய்தார்கள். சொந்த வீட்டிலே பிள்ளைகளை விட்டுவிட்டு, குண்டு விழும் வீதியால் சைக்கிளில் கடமைக்கு வந்த தாதியரைப் பற்றி எந்த அறிக்கையும் விரிவாகச் சொல்வதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தபோது, நிறைமாதப் பெண்களும் அந்தச் சனத்திரளுக்குள்ளேதான் மழையில் நடந்தார்கள். அகதிகளாகப் போன ஊர்களில் பாடசாலை வகுப்பறைகள் பிரசவ அறைகளாயின. கட்டிலும் கூரையும் இல்லாமற் போனபோது எஞ்சியிருந்தது, என்ன செய்யவேண்டும் என்று அறிந்த ஒரு சோடிக் கைகள் மட்டுமே. அந்த அறிவை ஒரு நூற்றாண்டாக ஊரிலே ஊன்றிவைத்ததன் பெறுமதி அந்நாட்களில்தான் விளங்கியது.

இன்றைய கேள்வி

இன்று எமது ஊரிலே வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லை. தாய் இறப்பது அரிது. இறந்தால் ஏன் என்று விசாரணை நடக்கும். இது பெரும் வெற்றி. ஆனால் வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. நோக் கண்ட பெண் இப்போது பெரும்பாலும் அறியாத முகங்களுக்கு நடுவே, தாயோ கணவனோ பக்கத்தில் இல்லாமற் படுத்திருக்கிறாள். நெரிசலான வாட்டிலே, களைத்துப்போன ஊழியரின் கடுஞ்சொல் ஒன்று அவளுடைய நெஞ்சிலே ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகிறது. வயிறு வெட்டிப் பிள்ளை எடுப்பது அவசியமான இடத்திலே உயிர்காக்கும் வழி. அவசியமில்லாத இடத்திலும் அது பெருகிவருகிறது. இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. பிரசவத்தின்போது பெண் மரியாதையோடு நடத்தப்படுவது அவளுடைய உரிமை என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. அவள் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதை 2018இல் தன் பரிந்துரைகளிலே சேர்த்தது.

வாசித்துப் பார்த்தால் அது எமக்குப் புதிதாகத் தோன்றாது. வீட்டு அறையிலே மருத்துவிச்சி செய்தது அதுதான். விடியும்வரை பக்கத்திலே இருந்தாள், தோளைக் கொடுத்தாள். நாம் அவளிடமிருந்து அறியாமையைக் கழித்தபோது, அவளுடைய துணையையும் சேர்த்துக் கழித்துவிட்டோமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். அந்த வேலைக்கு உரிய கூலியையும் மரியாதையையும் அவளுக்கு நாம் ஒருபோதும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். அவளுடைய பொறுமையையும் தாதியின் பயிற்சியையும் ஒரே வாட்டிலே கொண்டுவருவது முடியாத காரியமன்று. இணுவிலிலே ஒரு காலத்தில் அது நடந்தது. ஒரு தாதிக்கு எத்தனை தாய்மார், அவளுடைய கடமை எத்தனை மணித்தியாலம், துணைவருக்கு ஒரு கதிரை வைக்க வாட்டிலே இடம் உண்டா, மறைவுக்கு ஒரு திரைச்சீலை உண்டா என்ற சிறிய விடயங்களிலேதான் இரக்கம் தங்கியிருக்கிறது. கையில் நேரமே இல்லாத ஒருத்தியிடம் அன்பாகப் பேசு என்று புத்தி சொல்வதனால் பயனில்லை.

பழைய மாணவிகளுக்கு

எமது பழைய மாணவிகளுள் தாதியராயும் மருத்துவமாதுகளாயும் பணிபுரிந்தோர் பலர். சிலர் யாழ்ப்பாணத்திலேயே ஓய்வுபெற்றார்கள். பலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் இன்றும் இரவுக் கடமைக்குப் போகிறார்கள். வைத்தியர்களானவர்களின் பெயர்கள் எமது பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளிலே பொன்னெழுத்தில் உண்டு. தாதியரின் பெயர்களுக்கு அப்படியொரு பலகை எங்கே இருக்கிறது?

ஆகவே கிளைச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளையிலே உள்ள தாதியர், மருத்துவமாதுகள் ஒவ்வொருவரின் பெயரையும், பயின்ற இடத்தையும், பணிபுரிந்த ஊர்களையும், ஆண்டுகளையும் எழுதி அனுப்புங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் உடனே போய்க் கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் பழைய படங்களைப் பிரதி எடுங்கள். படத்திலே நிற்பவர்களின் பெயர்களைப் பின்புறத்தில் எழுதிவையுங்கள். யார் மணிக்கூட்டைப் பார்த்து நாடி எண்ண உங்களுக்குக் கற்பித்தார், முதல் இரவுக் கடமை எப்படி இருந்தது, மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் கருவிகளை எப்படி அவித்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிவுசெய்யுங்கள். முடிந்தால் அவர்களுக்கு முந்திய மருத்துவிச்சிகளின் பெயர்களையும் கேளுங்கள். ஊரிலே ஒருவருக்காவது நினைவிருக்கும்.

அத்துடன், இன்று தாதியர் கல்லூரியிலே பயிலும் எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று சங்கம் ஒரு புலமைப்பரிசிலை ஏற்படுத்தினால், நூற்றாண்டு நினைவாக அதைவிடப் பயனுள்ள ஒன்று வேறில்லை. அடுத்த தலைமுறைத் தாய்மாரின் கைகளைப் பிடிக்கப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளே.